மூத்தது ஏன் பெரியது? கழுகுக் கூட்டுக் கேமராவில் நாம் பார்ப்பது என்ன

இணையத்தில் நேரலையாக ஓடும் கழுகுக் கூட்டுக் கேமராக்களை டெல்டா மாவட்டங்களிலும் இன்று பலர் விரும்பிப் பார்க்கிறார்கள். அவற்றுள் கலிபோர்னியாவின் பிக் பேர் ஏரிப் பகுதியில், ஜாக்கி, ஷேடோ என்று பெயரிடப்பட்ட வெண்தலைக் கழுகு இணையின் கூடு மிகவும் புகழ்பெற்றது. அந்தக் காட்சிகளிலிருந்து வெட்டி எடுத்த சிறு துண்டுகள் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வரும்போது, கூடவே ஒரு கதையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. தாய்க்கழுகு பலவீனமான குஞ்சைப் பட்டினி போடுகிறது என்பார்கள். பெரிய குஞ்சு சின்னதைக் கொத்துவதைத் தாய் வேடிக்கை பார்க்கிறது என்பார்கள். பறக்கக் கற்றுக்கொடுப்பதற்காகக் குஞ்சைக் கூட்டிலிருந்து தள்ளிவிடுகிறது என்பார்கள். முதல் இரண்டிலும் கண்ணால் கண்டது உண்மை, சொல்லப்படும் காரணம் தவறு. மூன்றாவதில் காட்சியும் இல்லை, காரணமும் இல்லை.

இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி நீங்குவதற்கு ஒரே ஒரு கருத்தைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் போதும். பறவையியலில் அதைப் பொரிப்பு இடைவெளி எனலாம். ஒரே கூட்டிலுள்ள முட்டைகள் ஒரே நாளில் பொரியாமல், நாள் கணக்கில் முன்பின்னாகப் பொரிவதே அது. எளிதாகத் தோன்றும் இந்த ஒரு செய்தியிலிருந்துதான் கூட்டுக்குள் நடக்கும் பலவும் பிறக்கின்றன.

பார்ப்பதற்கு முன் இரண்டு செய்திகள்

கலிபோர்னியாவின் நேரம் மார்ச் இரண்டாம் வாரத்திலிருந்து நம் நேரத்துக்குப் பன்னிரண்டரை மணி பின்தங்கியிருக்கும். அங்கே காலை 7 மணிக்குக் குஞ்சுகளுக்கு முதல் இரை ஊட்டப்படும்போது, தஞ்சாவூரில் இரவு 7.30 ஆகியிருக்கும். நாம் காலை பத்து மணிக்குத் திறந்து பார்த்தால் அங்கே இருட்டிவிட்டிருக்கும். படம் கறுப்பு வெள்ளையில்தான் தெரியும். அகச்சிவப்பு ஒளி என்பது நம் கண்ணுக்குப் புலப்படாத, ஆனால் கேமராவுக்குப் புலப்படும் ஒளி. இரவில் கூட்டைக் காட்டுவது அந்த ஒளிதான். கழுகின் கண்ணுக்கும் அது புலப்படுவதில்லை என்பதால் பறவைகளின் உறக்கம் கெடுவதில்லை.

இன்னொன்று, கூட்டில் நாம் "தாய்" என்று நினைத்துப் பார்க்கும் பறவை பல நேரங்களில் தந்தையாக இருக்கும். வெண்தலைக் கழுகில் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும், இரண்டுமே ஊட்டும். பெண் உடலால் பெரியது என்பதுதான் பார்த்தவுடன் கண்டுகொள்ள உதவும் வேறுபாடு.

அடைக்கோழியும் கழுகும்

நம் கிராமத்து வீடுகளில் கோழியை அடை வைப்பது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். கோழி நாளுக்கு ஒன்றாக இடும் முட்டைகளை எடுத்துச் சேர்த்து வைக்கிறோம். கோழி அடைக்கு வந்த பிறகு, கூடையில் வைக்கோலைப் பரப்பி, சேர்த்த முட்டைகளையெல்லாம் ஒரே நாளில் அதன் அடியில் வைக்கிறோம். முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் பத்து நாள் வயது வித்தியாசம் இருந்தாலும், எல்லாம் ஏறக்குறைய 21ஆம் நாளில் ஒன்றாகப் பொரிந்துவிடும். காரணம், முட்டை இட்ட நாளிலிருந்து கரு வளர்வதில்லை. தொடர்ந்து சூடு கிடைக்கத் தொடங்கிய நாளிலிருந்தே வளர்கிறது. நம் கை படாமல், புதரடியில் மறைத்து முட்டையிட்டு, திடீரென ஒருநாள் குஞ்சுகளோடு வந்து நிற்கும் கோழியும் இப்படித்தான் செய்கிறது. முட்டைகள் நிறையும் வரை அது அடையில் உட்காருவதில்லை.

கழுகு இந்த இடத்தில் வேறுபடுகிறது. அது பொதுவாக ஒன்று முதல் மூன்று முட்டைகளை, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இடுகிறது. முதல் முட்டை இட்டதுமே அதன் மீது உட்காரத் தொடங்கிவிடுகிறது. பனிக்காலத்தில் முட்டையிடும் பறவை என்பதால், மூடாமல் விட்டால் முட்டை உறைந்துபோகும், காக்கைகளும் காத்திருக்கும். ஆகவே முதல் முட்டையின் கரு, இரண்டாவது முட்டை வருவதற்கு முன்பே வளரத் தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 35 நாள் கழித்து அது முதலில் பொரிகிறது. அடுத்தது பின்னால் வருகிறது.

இந்த இடைவெளி எல்லாக் கூட்டிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஜாக்கி 2025 ஜனவரி 22, 25, 28 ஆகிய நாள்களில் மூன்று முட்டைகளை இட்டது. முதல் இரண்டும் மார்ச் 3ஆம் தேதி இரவிலும் 4ஆம் தேதியிலுமாகச் சில மணி நேர இடைவெளியில் பொரிந்தன. மூன்றாவது 8ஆம் தேதிதான் பொரிந்தது. தொடக்க நாள்களில் பறவை முட்டையை மூடிக் காக்குமே தவிர, முழுச் சூடும் படும்படி அழுத்தி உட்காராமல் இருக்கலாம். அப்படி இருந்தால் முதல் முட்டையின் வளர்ச்சி தாமதமாகி, இரண்டாவதை ஒட்டி வந்துவிடும். ஆக, குஞ்சுகளுக்கு இடையிலான வயது வித்தியாசத்தைத் தீர்மானிப்பது பெற்றோர் எப்போது எப்படி உட்கார்ந்தன என்பதே.

நான்கு நாள் என்பது நமக்குப் பெரிதாகத் தோன்றாது. பொரிந்த அன்று நூறு கிராமை ஒட்டிய எடையில் இருக்கும் கழுகுக்குஞ்சு, பத்துப் பன்னிரண்டு வாரத்தில் நான்கு கிலோ அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. இந்த வேகத்தில் வளரும் உடலுக்கு நான்கு நாள் மிக நீண்ட காலம். பிந்திப் பிறந்தது கண் திறந்து தலையைத் தூக்கப் பாடுபடும்போது, முந்திப் பிறந்தது அதைப்போல் இரண்டு மடங்கு பருமனாக உட்கார்ந்திருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால், கரு வளர்வது சூடு பட்ட நாளிலிருந்துதான். கோழி கடைசியில் உட்காருவதால் குஞ்சுகள் ஒன்றாகப் பொரிகின்றன. கழுகு முதலிலேயே உட்காருவதால் முன்பின்னாகப் பொரிகின்றன. மூத்தது பெரியதாக இருப்பதற்கு முதல் காரணம் இதுவே.

ஊட்டுவதில் ஓரவஞ்சனை உண்டா?

கோழிக்குஞ்சு பொரிந்த அன்றே எழுந்து நடக்கும், தானே நொய்யைக் கொத்தித் தின்னும். கழுகுக்குஞ்சுக்கு அந்தத் திறன் எதுவும் கிடையாது. கழுத்து நிற்காமல் ஆடும். ஒரு பறவை மீனைக் கால் நகத்தால் அழுத்திக்கொண்டு, அலகால் நூல் போல மெல்லிய சதைத் துணுக்கைக் கிழித்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து நீட்டும். குஞ்சு அதைப் பிடிக்க முயன்று காற்றைக் கவ்வும், அல்லது பக்கத்துக் குஞ்சின் தலையைக் கவ்வும். பெரிய பறவை அதே துணுக்கை மறுபடி நீட்டும், மறுபடி நீட்டும். அது கூட்டுக்குள் நடக்கும்போது பார்த்திருக்கிறீர்களா? கூரிய நகங்கள் குஞ்சின் மேல் பட்டுவிடாதபடி விரல்களை உள்ளே மடக்கி, கைமுட்டியை ஊன்றுவது போலத் தத்தித் தத்தி நடக்கும். கழுகைக் கல்நெஞ்சப் பறவை என்று எழுதுகிறவர்கள் இந்த நடையை ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆனால் இவ்வளவு பொறுமையாக ஊட்டும் அதே பறவை, யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று கணக்கு வைத்துக்கொள்வதில்லை. திறந்த அலகு எது அருகில் இருக்கிறதோ, எது உயரமாக எழுகிறதோ, எது விடாமல் கெஞ்சுகிறதோ, அதற்கே துணுக்கு போகிறது. பெரிய குஞ்சு உயரமாக எட்டுவதால் முதலில் பெறுகிறது. அதன் தொண்டைக்குக் கீழே தீனிப்பை என்ற ஓர் உறுப்பு உண்டு. விழுங்கிய இரையைச் செரிக்கும் முன் சேமித்து வைக்கும் பை அது. அந்தப் பை புடைத்ததும் பெரிய குஞ்சு சாய்ந்து தூங்கிவிடும். அதன் பிறகு அடுத்த குஞ்சு அதே பறவையிடம் வயிறாரத் தின்னும். காணொளியின் முதல் நிமிடத்தை மட்டும் வெட்டி அனுப்பினால் ஓரவஞ்சனை போலத் தெரிவது, பத்து நிமிடம் பார்த்தால் வரிசைமுறையாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

கொத்துவதும் இந்த வரிசையை ஒட்டியதே. முதல் சில வாரங்களில் மூத்தது இளையதன் தலையில் கொத்தும். இளையது தலையைக் கவிழ்த்துக்கொண்டு அடங்கிவிடும். முன்னுரிமை யாருக்கு என்பது முடிவாகிவிட்டால் வெண்தலைக் கழுகுகளில் இந்தச் சண்டை பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. மீன் தாராளமாக வரும் கூட்டில் இரண்டு குஞ்சுகளும், சில வேளை மூன்றும், நன்றாக வளர்ந்து பறக்கின்றன. இரை குறைந்தால்தான் சிக்கல். அப்போது இருப்பதெல்லாம் மூத்ததன் வயிற்றுக்குப் போய், இளையது மெலிந்து இறந்துபோகக்கூடும். இதற்குக் குஞ்சுக் குறைப்பு என்று பெயர்.

இப்படி ஓர் ஏற்பாடு இயற்கையில் ஏன் நிலைத்தது? பிரிட்டிஷ் பறவையியலாளர் டேவிட் லாக் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு விளக்கம் தந்தார். முட்டையிடும் காலத்தில், இன்னும் ஐந்து வாரம் கழித்து மீன் எவ்வளவு கிடைக்கும் என்று எந்தப் பறவைக்கும் தெரியாது. எல்லாக் குஞ்சுகளும் ஒரே அளவில் இருந்து, இரையும் குறைந்தால், அரைகுறையாகத் தின்று எல்லாமே நலியும். வயது வரிசை இருந்தால், பஞ்ச காலத்திலும் ஒன்றாவது முழு உடலோடு தப்பும்; வளமான காலத்தில் எல்லாமே தப்பும். பிற்காலத்தில் வேறு விளக்கங்களும் சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் தொடக்கநிலை வாசகருக்குப் பிடித்துக்கொள்ள இது நல்ல கைப்பிடி.

எல்லாக் கழுகுகளும் இந்த விஷயத்தில் ஒன்றல்ல. ஆப்பிரிக்க மலைப்பாறைகளில் கூடு கட்டும் வெரோ கழுகு வழக்கமாக இரண்டு முட்டை இடும். அங்கே இரை ஏராளமாகக் கிடந்தாலும், மூத்த குஞ்சு இளையதை ஏறக்குறைய எப்போதும் கொன்றுவிடுகிறது. முதல் முட்டை கூமுட்டையாகிப் போனால் கைகொடுப்பதற்கான காப்பீடாகவே அந்த இரண்டாம் முட்டை அமைகிறது. ஒரு வகைக் கழுகின் காணொளியைக் காட்டி எல்லாக் கழுகும் இப்படித்தான் என்று சொல்வது பொருந்தாது.

இன்னொரு திருப்பமும் உண்டு. பெண் கழுகு ஆணை விடப் பெரியது என்பதால், பிந்திப் பிறந்த குஞ்சு பெண்ணாக இருந்தால், ஏழெட்டு வாரத்தில் அண்ணனை மிஞ்சி வளர்ந்துவிடும். கடைசிக் குஞ்சு என்றாலே நோஞ்சான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பனிப்புயலில் இறந்த குஞ்சு

2025 மார்ச் நடுவில் பிக் பேர் கூட்டின் மேல் பனிப்புயல் வீசியது. மூன்று குஞ்சுகளில் ஒன்று இறந்தது. ஏன் யாரும் ஏறிக் காப்பாற்றவில்லை என்ற கேள்வி அப்போது உலகெங்கும் எழுந்தது. கேள்வியில் அன்பு இருக்கிறது. பதிலுக்கு உடற்கூறு தெரிய வேண்டும்.

பொரிந்த குஞ்சின் உடலை மூடியிருப்பது தூவி, அதாவது தண்டில்லாத பஞ்சு போன்ற மெல்லிறகு. முதல் தூவி மிக மெல்லியது. அதனால் உடற்சூட்டைப் பிடித்து வைக்க முடியாது. ஏறத்தாழ இரண்டு மூன்று வாரத்தில் அடர்த்தியான இரண்டாம் தூவி முளைத்த பிறகே குஞ்சு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்கிறது. அதுவரை பெற்றோரின் மார்பும் இறக்கையும்தான் போர்வை. ஐந்தாறு நாள் முதல் பத்து நாள் வரை வயதுடைய குஞ்சுகளுக்கு அந்தப் புயல் மிகக் கொடிய வேளையில் வந்தது. கூடோ தரையிலிருந்து சுமார் 145 அடி உயரத்தில், பைன் மரத்தில் இருக்கிறது. ஆள் ஏறினால் பெற்றோர் எழுந்து பறந்துவிடும். எழுந்த நிமிடத்திலிருந்து மற்ற இரண்டு குஞ்சுகளும் பனியில் நனையும். ஒன்றைக் காக்கப்போய் மூன்றையும் இழக்கும் வாய்ப்பே அதிகம். அமெரிக்கச் சட்டமும் கழுகுக் கூட்டைத் தொந்தரவு செய்வதைத் தடுக்கிறது. எஞ்சிய இரண்டும் அந்த ஆண்டு ஜூன் தொடக்கத்தில் பறந்தன. சன்னி, கிஸ்மோ என்பவை அவற்றின் பெயர்கள்.

பஞ்சிலிருந்து சிறகு வரை

நான்காவது வாரத்தை ஒட்டி, சாம்பல் தூவிக்கு இடையே கறுப்புக் குச்சிகள் போலச் சில முளைப்பதைக் கேமராவில் காணலாம். அவை குருத்திறகுகள். வாழைக்குருத்து சுருண்டு வருவது போல இறகு ஓர் உறைக்குள் சுருண்டு வளரும். வளரும் காலத்தில் அதற்குள் இரத்தம் ஓடும். வளர்ந்து முடிந்ததும் இரத்தம் வற்றி, உறை செதிளாக உதிர்ந்து, இறகு விரியும். குஞ்சு ஓயாமல் தன் மேலைக் கோதிக்கொண்டே இருப்பது இந்தச் செதிளை உதிர்ப்பதற்காகத்தான். சொறி, பேன் என்று பதற வேண்டியதில்லை.

அதன் பிறகு வளர்ச்சி கண்ணுக்கு நேராக நடக்கிறது. ஐந்தாம் வாரத்தில் எழுந்து நிற்கும். ஏழெட்டு வாரத்தில் மீனைத் தானே கிழித்துத் தின்னப் பழகும். இரை வந்து விழுந்ததும் இரண்டு சிறகையும் கூடாரம் போல விரித்து அதை மூடிக்கொள்ளும். ஒன்பது பத்து வாரத்தில் கூட்டின் விளிம்பிலிருந்து பக்கத்துக் கிளைக்குத் தாவும். காற்றடிக்கும் நாளில் சிறகை விரித்து நின்று அடித்து, ஓர் அடி உயரம் எழும்பி, அதே இடத்தில் இறங்கும். பத்து முதல் பதின்மூன்று வாரத்துக்குள் ஒரு நாள், அப்படி எழும்பியது திரும்ப இறங்காமல் போய்விடும். முதற்பறப்பு என்பது இதுதான்.

தாய் தள்ளிவிடுவதாகவும், மெத்தைப் புல்லை எடுத்துவிட்டு முள் குத்தும்படி செய்வதாகவும் வரும் கதைக்கு இங்கே இடமே இல்லை. உண்மையில் குஞ்சுகள் வளர வளரப் பெற்றோர் கூட்டுக்குப் புதுக் குச்சிகளையும் புல்லையும் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டே இருக்கின்றன. பறந்த பிறகும் சில வாரங்களுக்கு அவையே இரை கொண்டுவந்து தருகின்றன.

நாற்பது வயதில் கழுகு மலையுச்சிக்குப் போய் அலகை உடைத்து, இறகைப் பிடுங்கி, புதுப்பிறவி எடுக்கிறது என்ற கதையையும் இதோடு சேர்த்து ஒதுக்கிவிடலாம். அலகு நம் நகம் போல் வாழ்நாள் முழுதும் வளர்ந்து தேய்கிறது. இறகுகள் சில சிலவாக உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. அலகை இழந்த கழுகு தின்ன வழியில்லாமல் மடியும். காலில் வளையம் மாட்டி வயதை உறுதி செய்த வெண்தலைக் கழுகுகளில், 2015இல் நியூயார்க் மாநிலத்தில் இறந்து கிடந்த பறவை 38 வயதுடையது. அது அந்த இனத்தில் அரிதினும் அரிதான முதுமை.

சுருக்கமாக, குஞ்சின் வளர்ச்சி சூடு, இறகு, தசை என்ற வரிசையில் செல்கிறது. தூவி அடரும் வரை பெற்றோர் மூட வேண்டும்; குருத்திறகு விரியும் வரை காத்திருக்க வேண்டும்; தசை திரண்ட பின் பறப்பைக் குஞ்சே தொடங்குகிறது.

காவிரிக் கரையில் இதையே பார்ப்பது

கேமராவில் கண் பழகியவருக்கு நம் பக்கத்தில் நல்ல வாய்ப்பு இருக்கிறது. கோயில் குடமுழுக்கின்போது கலசத்துக்கு மேலே வட்டமிடக் காத்திருந்து, கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அந்தக் கருடன்தான் செம்பருந்து. வெண்தலைக் கழுகைப் போலவே அதுவும் நீர்நிலையோரப் பறவை. மீன், நண்டு, தவளை தின்னும். தென்னை, மா போன்ற உயர்ந்த மரங்களில் குச்சிக் கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். ஏறக்குறைய நான்கு வாரத்தில் பொரித்து, ஏழெட்டு வாரத்தில் குஞ்சுகளைப் பறக்க விடும். மார்கழியிலிருந்து பங்குனி, சித்திரை வரை அதன் இனப்பெருக்க காலம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடிய பிறகு வாய்க்கால்களில் தண்ணீர் வடிந்து, குட்டைகளில் மீன் ஒதுங்கும். சம்பா அறுவடையான வயல்களில் மறைவு குறைந்திருக்கும். குஞ்சு வளர்ப்பவைக்கு இரை எளிதில் அகப்படும் காலம் இது. கோடியக்கரை, முத்துப்பேட்டைப் பக்கம் போனால், இதைவிடப் பெரிய வெள்ளை வயிற்றுக் கடல் கழுகையும் காணலாம்.

இந்தப் பறவைகளுக்கு உயர்ந்த மரமும் நஞ்சில்லாத இரையும் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பகுதிகளில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது; எஞ்சிய பெரிய மரங்களின் மதிப்பை அதிலிருந்து உணரலாம். நஞ்சைப் பொறுத்தவரை வெண்தலைக் கழுகின் வரலாறே சான்று. டிடிடி பூச்சிக்கொல்லி மீன் வழியாக அதன் உடலில் சேர்ந்து, முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் எடையிலேயே நொறுங்கியது. அமெரிக்கா 1972இல் அதைத் தடைசெய்த பின் எண்ணிக்கை மீண்டு, 2007இல் அந்தப் பறவை அழிவாபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வயலில் எலிக்கு நஞ்சு வைப்பவர்கள், செத்த எலியை வரப்பில் அப்படியே விடாமல் புதைத்துவிடுவது செம்பருந்துக்கும் ஆந்தைக்கும் செய்யும் நேரடி உதவி. நம் பகுதிக்கே உரிய மூங்கில் கிட்டியில் எலி பிடித்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சித்திரை வாக்கில், செங்கல் நிறமும் வெள்ளைத் தலையும் இல்லாத பழுப்புப் பறவை ஒன்று தென்னந்தோப்பில் தடுமாறிப் பறந்தால், அது அந்த ஆண்டுச் செம்பருந்துக் குஞ்சாக இருக்கலாம். கரும்பருந்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கரும்பருந்தின் வால் நுனி பிளவுபட்டிருக்கும், செம்பருந்தின் வால் நுனி வட்டமாக இருக்கும். முதற்பறப்பில் தரையிறங்கி உட்கார்ந்துவிடும் குஞ்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 அதற்கு இடம் தருவதுமில்லை. நாயையும் சிறுவர்களையும் விலக்கி, தொலைவில் நின்று கவனித்தால், பெற்றோர் அங்கேயே வந்து இரை தருவதைக் காணலாம். சிறகு தொங்கினாலோ இரத்தம் தெரிந்தாலோ மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.